வாசகர் கேள்வி – பதில்: நம்மைப் பற்றிய பதிவு யார் கையில்?

கைபேசி, ஆதார், கண்காணிப்புக் கேமரா, அந்தரங்கம் ஆகியவை குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களை மட்டும் இம்முறை தனியே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேள்விகளின் தன்மை கருதி எழுதியவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. ஊர் மட்டும் தரப்பட்டுள்ளது.

கேள்வி: நான் வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் கைபேசி எண்ணைச் சொல்லாவிட்டால் பில் போட முடியாது என்கிறார்கள். கம்ப்யூட்டர் ஏற்காது என்பதே அவர்கள் சொல்லும் காரணம். எண்ணைத் தர மறுக்க எனக்கு உரிமை உண்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. பொருள் வாங்குபவரிடம் கைபேசி எண் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் நலத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிகத் துறையினருக்கு அறிவுறுத்தியிருக்கிறது. குறிப்பிட்ட சில மருந்துகளை விற்கும்போது நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது மருந்துச் சட்ட விதி. அந்த விதி கைபேசி எண்ணைக் கேட்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் நானும் ஒரு மருந்துக் கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி தம் எண்ணைத் தாழ்ந்த குரலில் சொன்னார். காதில் சரியாக விழாததால் கடைப் பையன் ஒவ்வோர் இலக்கமாக உரக்கத் திருப்பிச் சொல்லித் தட்டினான். திரையில் அவர் பெயரும் அதன் கீழே அவர் முன்பு வாங்கிய மருந்துகளும் வரிசையாக வந்து நின்றன. “போன மாசம் வாங்கின அதே தூக்க மாத்திரையா அக்கா?” என்று அவன் கேட்டது உதவும் எண்ணத்தில்தான். ஆனால் வரிசையில் நின்ற ஆறேழு பேர் காதிலும் அது விழுந்தது. அந்தப் பெண்மணி வாய் திறந்து பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு, மாத்திரை அட்டையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய வற்புறுத்தலை நேரடியாகவே தொடுகிறது. ஒருவர் தரும் ஒப்புதல் தாமாக மனமுவந்து தருவதாகவும், எதற்காகக் கேட்கிறார்கள் என்று அறிந்து தருவதாகவும், நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். செய்யும் வேலைக்குத் தேவைப்படாத விவரத்துக்கு வாங்கிய ஒப்புதல் செல்லாது. தொலைவிலிருந்து மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒன்று கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டால், பயனாளர் சம்மதித்திருந்தாலும் அந்தச் சம்மதம் ஆலோசனைக்கு மட்டுமே பொருந்தும் என்று சட்டமே ஓர் எடுத்துக்காட்டையும் தருகிறது. மீறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முதன்மையான பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள் தரப்பட்டுள்ளன. இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். அபராதத் தொகை அரசுக்குப் போகும்; விவரம் கசிந்ததால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு பெற்றுத் தரும் வழி இச்சட்டத்தில் இல்லை.

அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. “எண் தர விருப்பமில்லை, பில் மட்டும் போதும்” என்று நிதானமாகச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கேள்வி: முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் நான். என்னிடம் மறைக்க எதுவும் இல்லை. தவறு செய்யாதவர் கேமராவுக்கும் கைரேகைக்கும் ஏன் அஞ்ச வேண்டும்? இந்த அந்தரங்க உரிமைப் பேச்சு வசதி படைத்தவர்களின் கவலை என்றே எனக்குத் தோன்றுகிறது.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், விருதுநகர்

பதில்: ஐயா, தங்கள் கேள்வி நேர்மையானது; இதே கேள்வியைப் பலர் மனத்தில் வைத்திருக்கிறார்கள். தங்கள் ஊரிலிருந்து தொலைவில் இல்லாத ஓர் ஊரின் கதையிலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

உசிலம்பட்டி வட்டாரத்தில் பெருங்காமநல்லூர் என்ற ஊர் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே ஆங்கிலேய அரசின் காவலர்கள் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். அவர்கள் எதிர்த்து நின்றது குற்றப் பழங்குடியினர் சட்டத்தை. அந்தச் சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கி 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த அச்சட்டம், ஒரு சாதியில் பிறந்த ஆண்கள் அனைவரையும் பதிவேட்டில் ஏற்றிக் கைரேகை வாங்க அதிகாரம் அளித்தது. அப்படிப் பதியப்பட்டவர்கள் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுத்துறங்க வேண்டியிருந்தது. ஊர் விட்டு ஊர் போவதென்றால் கையில் அனுமதிச் சீட்டு இருக்க வேண்டியிருந்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரும், பெண் வீட்டுக்குச் சீர் கொண்டு போனவரும் அந்தப் பதிவேட்டின் பார்வையில் ஒன்றுதான்.

அவர்களுள் பெரும்பாலோரிடம் மறைக்க எதுவும் இருக்கவில்லை, ஐயா. யார் குற்றவாளி என்பதை அவர்களின் நடத்தை தீர்மானிக்கவில்லை. பதிவேட்டை வைத்திருந்தவர் தீர்மானித்தார். தாங்கள் தங்களைத் தவறு செய்யாதவர் என்று அறிவீர்கள். ஆனால் எது தவறு என்று நாளை வரையறுப்பவர் வேறொருவர். அவர் கையில் இன்றைய பதிவு ஆயத்தமாக இருக்கும். கல்கத்தாவில் 1897-இல் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டதை நினைத்துப் பார்த்தால், அன்றைக்கு அதுதான் புதிய தொழில்நுட்பம். அந்தத் தொழில்நுட்பம் முதலில் யார் விரலைத் தேடிப் போனது என்பதை நினைக்கும்போது, இது வசதி படைத்தவர்களின் கவலை என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை.

அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கப்பட்டது. பெருங்காமநல்லூரில் ரத்தம் சிந்திய அதே 1920-இல் இயற்றப்பட்ட கைதிகள் அடையாளச் சட்டம் மட்டும் நூறாண்டு கடந்தும் நீடித்து, 2022-இல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டமாக விரிவாக்கப்பட்டது. இப்போது கைரேகையோடு கருவிழிப் பதிவும், கையெழுத்தும், உடல்சார் மாதிரிகளும் அதில் அடங்கும். பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம்.

சுதந்திர இந்தியாவில் இக்கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவரும் செல்வந்தர் அல்லர். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங், கொள்ளை வழக்கொன்றில் ஆதாரம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் காவல் துறை அவர் பெயரில் ஒரு கோப்பைத் திறந்து, இரவில் கதவைத் தட்டி எழுப்பி ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தது. 1962-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு நள்ளிரவுச் சோதனையை மட்டும் ரத்து செய்துவிட்டு, அந்தரங்கம் என்பது அரசமைப்பு உறுதியளித்த உரிமை அன்று என்று கூறியது. நீதிபதி சுப்பா ராவ், இன்னொரு நீதிபதியோடு சேர்ந்து, தனிமனித சுதந்திரத்துக்குள் அந்தரங்கமும் அடங்கும் என்று மாறுபட்டு எழுதினார். அந்தச் சிறுபான்மைக் கருத்து சட்டமாவதற்கு 55 ஆண்டுகள் பிடித்தன. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, எண்பத்தாறு வயதில், ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் தொடுத்த வழக்கில்தான் அது நிகழ்ந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் தலையிட வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும்; நியாயமான நோக்கம் இருக்க வேண்டும்; நோக்கத்துக்கு மிஞ்சாத அளவில் தலையீடு இருக்க வேண்டும். இந்த மூன்று சோதனைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு தங்களிடம் மட்டுமன்றி எல்லா வாசகர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்; கீழே வரும் பதில்களில் இவை மீண்டும் தேவைப்படும்.

கேள்வி: என் தாயார் முந்திரிக் கொட்டை உடைக்கும் தொழிலாளி. ரேஷன் கடைக் கருவியில் அவருக்கு ரேகை விழுவதில்லை. இரண்டு முறை அரிசி வாங்காமல் திரும்பி வந்துவிட்டார். நாங்கள் என்ன செய்வது?
– மகள், பண்ருட்டி

பதில்: தங்கள் பகுதியில் அந்த வேலையை நேரில் பார்த்திருக்கிறேன். முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். அதற்காகப் பெண்கள் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியிருந்தும் ஆண்டுக்கணக்கில் உடைத்த ஒரு மூதாட்டியின் பெருவிரலை வெளிச்சத்தில் பார்த்தபோது, கோடுகள் இருக்க வேண்டிய இடம் கறுத்து, தேய்ந்த கூழாங்கல்லைப் போல வழவழவென்று இருந்தது. உழைத்ததற்கான அடையாளமே அவரை அடையாளம் காண முடியாமல் செய்துவிட்டது.

ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு, அரசின் மானியங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று பெரும்பான்மைக் கருத்தாக ஏற்றுக்கொண்டது. ஆனால் ரேகை பொருந்தவில்லை என்ற காரணத்தால் உரியவருக்கு உரியதை மறுக்கக் கூடாது என்பதையும் அது தெளிவாக்கியது. நீதிபதி சந்திரசூட் மட்டும் அத்திட்டம் முழுவதையும் ஏற்க மறுத்துத் தனித் தீர்ப்பு எழுதினார். தங்கள் தாயாரைப் போன்றோர் விடுபட்டுப் போவார்கள் என்ற கவலை அத்தீர்ப்பில் விரிவாகப் பேசப்படுகிறது.

ஆகவே கடைக்காரர் கையை விரித்தால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். கருவிழிப் பதிவு, பதிவு செய்த கைபேசிக்கு வரும் ஓடிபி, குடும்ப அட்டையில் உள்ள வேறோர் உறுப்பினரின் ரேகை ஆகிய மாற்று வழிகளைக் கேளுங்கள். வர இயலாத முதியோருக்காக வேறொருவர் பொருள் வாங்கிக்கொள்ளும் அங்கீகாரப் படிவமும் இருக்கிறது. எதுவும் நடக்காவிட்டால் 1967 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுக் கொடுங்கள். மனுவில் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட தேதிகளையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.

கேள்வி: தோழிகளுடன் இரவு எட்டரை மணிக்கு நடந்து வந்துகொண்டிருந்தபோது ரோந்துக் காவலர் ஒருவர் எங்களை நிறுத்தி, தம் கைபேசியில் எங்கள் முகத்தைப் படம் எடுத்து ஏதோ செயலியில் தேடினார். ஒன்றும் வரவில்லை, போகலாம் என்று அனுப்பிவிட்டார். அந்தப் படம் இப்போது எங்கே இருக்கிறது என்ற எண்ணம் என்னை விடவில்லை.
– கல்லூரி மாணவி, சென்னை

பதில்: தங்களுக்கு எழுந்த கேள்விதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. காணாமற்போன குழந்தைகளையும் தேடப்படும் குற்றவாளிகளையும் கண்டுபிடிக்க முக அடையாளத் தொழில்நுட்பம் உதவுகிறது என்று காவல் துறை சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் மேலே குறிப்பிட்ட முதல் சோதனையிலேயே இது தடுக்கி விழுகிறது. சாலையில் நடந்து போகும், எந்த வழக்கிலும் சம்பந்தமில்லாத ஒருவரின் முகத்தைப் படம் எடுத்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. மேலே சொன்ன 2022-ஆம் ஆண்டின் அடையாளச் சட்டம் பேசுவது பெரும்பாலும் தண்டிக்கப்பட்டவர், கைது செய்யப்பட்டவர், தடுப்புக் காவலில் உள்ளவர் ஆகியோரைப் பற்றி. தாங்கள் அவர்களுள் எவரும் அல்லர்.

ஹைதராபாதில் 2021-ஆம் ஆண்டு இதே நிலையைச் சந்தித்த சமூகச் செயற்பாட்டாளர் ஒருவர், முகக் கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்ததை எதிர்த்துத் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். பிரிட்டனில், தெற்கு வேல்ஸ் காவல் துறை பொது இடங்களில் இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திய விதம் சட்டப்படி செல்லாது என்று 2020-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாருடைய படத்தைப் பட்டியலில் சேர்ப்பது, எந்த இடத்தில் கேமராவை வைப்பது என்பதைக் காவலரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான காரணங்களுள் ஒன்று.

இக்கருவி தவறும் செய்யும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர் 2020 ஜனவரியில் அவருடைய மனைவி, மகள்களின் கண்ணெதிரே கைது செய்யப்பட்டு ஏறத்தாழ 30 மணி நேரம் அடைத்து வைக்கப்பட்டார். கடையில் கைக்கடிகாரங்களைத் திருடியவரின் மங்கலான படத்தை இயந்திரம் அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு பொருத்தியதே காரணம். முகத்தைக் கொண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களை 2018-இல் ஆய்வு செய்தபோது, வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடாகவும், கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரையும் இருந்தது. நம் ஊர்த் தெருக்களில் நடப்பவர்களின் நிறத்தை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

படம் எங்கே இருக்கிறது என்ற தங்கள் கவலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டுக் காவல் துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியாட்கள் ஊடுருவியது 2024 மே மாதம் தெரியவந்தது. கசிந்த கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். முகத்தை மாற்ற முடியாது. தங்கள் படம் சேமிக்கப்பட்டதா, எவ்வளவு காலத்துக்கு, எந்தச் சட்டப் பிரிவின்கீழ் எடுக்கப்பட்டது என்ற மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். நிறுத்திய இடம், நாள், நேரம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: வாகனச் சோதனையில் கைபேசியைத் திறந்து வாட்ஸப்பைக் காட்டச் சொன்னால் காட்டத்தான் வேண்டுமா?
– ஆட்டோ ஓட்டுநர், திருப்பூர்

பதில்: கேட்டவுடன் திறந்து காட்ட வேண்டும் என்று சொல்லும் சட்டம் இல்லை. கைபேசியைச் சோதிக்க, அவசரமான சூழ்நிலை தவிர, நீதிமன்றத்தின் சோதனை ஆணை வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. கடவுச்சொல்லைச் சொல்லவைப்பது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லவைப்பதாகுமா என்பதில் நீதிமன்றங்களின் கருத்து ஒன்றுபோல் இல்லை. வாக்குவாதம் வேண்டாம், எந்த வழக்குக்காக, எந்த ஆணையின்படி என்று மரியாதையாகக் கேளுங்கள். கைபேசியைப் பறிமுதல் செய்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி அந்த நடவடிக்கையை ஒளி–ஒலிப் பதிவு செய்ய வேண்டும், பட்டியலும் எழுத வேண்டும். அந்தப் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: யாருடன் எத்தனை நிமிடம் பேசினேன் என்ற பட்டியலை என் கணவர் யார் மூலமோ வாங்கி, இரு வீட்டுப் பெரியவர்களுக்கு முன்னால் வைத்துப் படித்தார். அதில் இருந்தது என் பழைய பள்ளித் தோழியின் எண்ணும், என் மருத்துவரின் எண்ணும்தான். கணவன் மனைவிக்குள் அந்தரங்கம் என்ன என்று என் மாமனார் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அந்தக் கூடத்தில் தாங்கள் உட்கார்ந்திருந்த நிலையை என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது. தங்கள் மாமனாரின் கேள்விக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபர் 30 அன்று பதில் சொல்லிவிட்டது. விவாகரத்து வழக்கொன்றில் மனைவியின் அழைப்புப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் செய்திருந்தார் ஒரு கணவர். அதை ஏற்க மறுத்த நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு என்றும், நம்பிக்கைதான் மணவாழ்வின் அடித்தளம் என்றும் எழுதினார்.

இதற்குப் பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேறொரு வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் பதிவு செய்த தொலைபேசி உரையாடலை விவாகரத்து வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டதென்றால் அந்த மணவாழ்வு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பது நீதிபதிகளின் வாதம். அத்தீர்ப்போடு என் மனம் ஒட்டவில்லை. நம் வீடுகளில் வேவு பார்க்கும் வசதியும் துணிவும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றத்தில் ஒன்றைச் சான்றாக ஏற்கலாம் என்பது வேறு; அதை எடுத்த வழி சரி என்பது வேறு. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அழைப்புப் பதிவுகளை அதிகாரமின்றி எடுப்பது குற்றம். எடுத்துக் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டியவர்.

இப்போதைக்குத் தங்கள் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, வேறு எந்தக் கருவியில் அது திறந்திருக்கிறது என்று பாருங்கள். வாட்ஸப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியையும் பாருங்கள். அப்படி மாற்றுவதால் வீட்டில் அச்சுறுத்தல் வரும் என்று தோன்றினால் முதலில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசிவிட்டு மாற்றுங்கள். தங்கள் மாமனாரிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: அவருடைய அழைப்புப் பட்டியலை அதே கூடத்தில் அதே பெரியவர்களுக்கு முன்னால் படிக்க அவர் சம்மதிப்பாரா?

கேள்வி: அரசு நினைத்தால் யாருடைய தொலைபேசியையும் ஒட்டுக்கேட்கலாமா?
– வழக்கறிஞர் அலுவலக ஊழியர், திருநெல்வேலி

பதில்: கூடாது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமே பொது அவசர நிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களைத்தான் நுழைவாயிலாக வைத்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், உள்துறைச் செயலர் நிலையில் உள்ளவர்தான் ஆணையிட வேண்டும், ஓர் ஆணை இரண்டு மாதங்களுக்கும் நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதங்களுக்கும் மேல் போகக் கூடாது, ஆய்வுக் குழு அதைப் பார்வையிட வேண்டும் என்று கட்டுப்பாடுகள் விதித்தது. முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி பெற வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை. ஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் அரசுச் செயலர்களே. அரசு இட்ட ஆணையை அரசே பார்வையிடும் இந்த ஏற்பாடு 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளிலும் மாறவில்லை. எனக்கு இதுதான் பெரிய ஓட்டையாகப் படுகிறது.

ஆயினும் அண்மையில் வந்த ஒரு தீர்ப்பு ஆறுதல் தந்தது. லஞ்ச வழக்கொன்றில் கல்வி நிறுவனம் ஒன்றின் மேலாண்மை இயக்குநருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை 2011-இல் இட்ட ஆணையை, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்தார். ரகசியமாக நடந்ததாகச் சொல்லப்படும் குற்றத்தைக் கண்டுபிடிப்பது பொது அவசர நிலை ஆகாது. ஒட்டுக்கேட்டவை ஆய்வுக் குழுவின் பார்வைக்கு வைக்கப்படவும் இல்லை என்பவை காரணங்கள். லஞ்சம் பிடிபட வேண்டாமா என்று கேட்கலாம். பிடிபடத்தான் வேண்டும். அதற்கான அதிகாரம் வேண்டுமென்றால் நாடாளுமன்றம் சட்டமாக எழுதித் தர வேண்டுமே தவிர, அதிகாரி தாமே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரத்தில் நடந்ததோ வேறு. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளை ஆராய்ந்து ஐந்தில் ஏதோ ஒரு தீய நிரல் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றும் தெரிவித்தது. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி திறந்த நீதிமன்றத்திலேயே கூறினார்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் கட்டாத கழிப்பறைகளுக்குப் பணம் பட்டுவாடா ஆனதாகத் தெரிகிறது. பயனாளிகள் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். ‘தனிநபர் விவரம்’ என்று மறுத்துவிட்டார்கள். அந்தரங்க உரிமை இதற்குத்தானா?
– விவசாயி, அரியலூர்

பதில்: இதற்கு அன்று. இந்தப் பக்கத்தில் அந்தரங்க உரிமைக்காக இவ்வளவு எழுதிய பிறகு, அதன் பெயரால் நடக்கும் இந்த மறுப்பை இன்னும் அழுத்தமாகக் கண்டிக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. பொதுப் பணிக்குச் சம்பந்தமில்லாத தனிநபர் விவரத்தைத்தான் மறுக்கலாம், அதிலும் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவு முன்பு சொல்லியது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அந்த வரையறைகளை வெட்டிவிட்டு, ‘தனிநபர் விவரம்’ என்ற சொற்களை மட்டும் விட்டுவைத்தது. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் தந்த அரசு, மக்கள் கேட்கும் உரிமையைக் குறுக்கும் இந்தப் பிரிவை 2025 நவம்பரிலேயே நடைமுறைப்படுத்திவிட்டது.

நம் மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்க முயன்றபோது, ‘நக்கீரன்’ இதழ் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1994 அக்டோபர் 7 அன்று வந்த தீர்ப்பு இரண்டையும் ஒருசேரச் சொன்னது: தம்மைத் தம்பாட்டில் விட்டுவிடக் கோரும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு, ஆனால் பொது ஆவணத்தில் பதிவானதை வெளியிடத் தடையில்லை, தம் அலுவல்சார் செயல்களை மறைக்க அதிகாரிகள் அந்த உரிமையைக் கேடயமாக்க முடியாது. அரசுப் பணம் யார் பெயரில் போனது என்பது பயனாளியின் படுக்கையறைச் செய்தி அன்று.

தங்களுக்கு ஒரு வழி இன்னும் மூடப்படவில்லை. அதே சட்டத்தின் 8(2) பிரிவு, வெளியிடுவதால் வரும் பொதுநலன் மறைப்பதால் காக்கப்படுவதைவிடப் பெரிதென்றால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது. மறுப்புக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீட்டை அனுப்புங்கள். அதில் 8(2) பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் எனக்கு வேண்டாம், பயனாளியின் பெயர், தெரு, தொகை, வழங்கிய தேதி ஆகியவை போதும் என்று ஒரு வரி எழுதுங்கள். பட்டியல் கைக்கு வந்ததும், இல்லாத கழிப்பறைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கிராம சபைக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.